மறுகால் இல்லாத குளம்: கம்ப்யூட்டர் எழும்பும் முதல் சில நொடிகள்



போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வெளியே அடைமழை. ஹாஸ்டல் அறையில் நானும் என் ரூம்மேட்டும். நடுவில் அவனுடைய பழைய லேப்டாப். அவன் கடற்கரை ஊர்க்காரன், அப்பா வள்ளத்தில் போகிறவர். வீட்டில் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. எங்கள் ப்ராஜெக்ட் கோடு முழுக்க அதில்தான். ரிவ்யூவுக்கு இரண்டு நாள் இருந்தது.

லேப்டாப் அடிக்கடி சூடாகி நின்றுபோகுது என்றான். "பயாஸ் அப்டேட் போட்டா சரியாயிரும், நான் பாத்துக்கிடுதேன்" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அப்டேட் மென்பொருள் என்னைவிடப் புத்திசாலி. "பேட்டரி இல்லை, தொடர முடியாது" என்று மறுத்தது. பேட்டரி உப்பிப்போய் எப்போதோ கழற்றியாச்சு. சார்ஜரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. அந்தச் சோதனையைத் தாண்டுவது எப்படி என்று நெட்டில் தேடிக் கண்டுபிடித்து ஓடவிட்டேன். 40 சதவீதம் தாண்டியது. கரண்டு போனது.

கரண்டு வந்ததும் பவர் பட்டனை அழுத்தினோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினோம். அதே கறுப்பு. "சோலி முடிஞ்சு, என்னா?" என்றான். திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

மறுநாள் காலையில் வடசேரியில் மாடியில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். கடை அண்ணன் பின்மூடியைக் கழற்றி, மதர்போர்டில் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப்பைக் காட்டினார். "லேப்டாப் சாகலடே. இந்த எட்டுக்காலு சிப்புல எழுத்து பாதி அழிஞ்சு கெடக்கு. அவ்வளவுதான்." சாயங்காலத்துக்குள் உயிர் வந்துவிட்டது. கோடும் பத்திரம், ஏனென்றால் அது எஸ்.எஸ்.டி.யில் இருந்தது. பழுது வேறு இடத்தில்.

ஒரே ஒரு கரண்டு கட், ஒரு முழுக் கம்ப்யூட்டரை ஏன் ஊமையாக்க வேண்டும்? அப்படி ஆகாமல் கட்டுவது எப்படி? அன்றிலிருந்து நான் படித்ததையும், எங்கள் ப்ராஜெக்ட்டில் செய்து பார்த்ததையும்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

முதலில், பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

பிராசஸருக்கு மின்சாரம் வந்ததும் அதற்கு விண்டோஸ் தெரியாது, லினக்ஸ் தெரியாது, எஸ்.எஸ்.டி. இருப்பதும் தெரியாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சிலிக்கானிலேயே பதிந்திருக்கும்: முதல் கட்டளையை எந்த முகவரியில் படிக்க வேண்டும் என்பது. 386 காலத்திலிருந்து இன்டெல் வகைப் பிராசஸர்களில் அது 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரி. அந்த இடத்தில் தெரிவது நம் எட்டுக்காலு சிப், அதாவது எஸ்.பி.ஐ. ஃப்ளாஷ். அதற்குள் இருக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். பழைய பெயர் பயாஸ், இப்போது யூ.இ.எஃப்.ஐ.

அந்த முதல் கட்டளை ஓடும்போது ரேம் கூட வேலை செய்யாது! ரேமுக்கான சிக்னல் நேரங்களை அளந்து சரிசெய்யும் வேலையையும் ஃபர்ம்வேர்தான் செய்ய வேண்டும். அதுவரை பிராசஸருக்குள் இருக்கும் கேஷையே தற்காலிக ரேமாக வைத்துச் சமாளிக்கும். பிறகு ரேம், பிறகு மற்ற சாதனங்கள், கடைசியில் இயங்குதளம்.

அதாவது மேலே உள்ள எல்லாம் கீழே உள்ள ஒன்றை நம்பி நிற்கிறது. விண்டோஸ் கெட்டால் யூ.எஸ்.பி. போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் யூ.எஸ்.பி.யைப் படிக்கத் தெரிந்த நிரலே அழிந்துவிட்டால்? வெளியிலிருந்து ஒரு ஆள் கிளிப் மாட்டித்தான் எழுத வேண்டும்.

ஃப்ளாஷ் ஏன் இவ்வளவு வம்பு?

நோட்டில் பென்சிலால் எழுதியதைத் திருத்துவது மாதிரி ஃப்ளாஷில் திருத்த முடியாது. இந்த வகை ஃப்ளாஷில் எழுதுவது என்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் ஒரு பகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். அழிக்கும் மிகச் சிறிய அளவு பொதுவாக 4 கிலோபைட். அழித்த இடத்தில் எல்லா பிட்டும் 1.

ஆக, ஒவ்வொரு அப்டேட்டிலும் "பழையதும் இல்லை, புதியதும் இல்லை" என்ற ஒரு நேரம் கட்டாயம் வரும். 8 மெகாபைட் சிப்பை முழுசாக அழித்து எழுத ஒரு நிமிடம் ஆகிறது என்றால், அந்த ஒரு நிமிடமும் கம்ப்யூட்டர் ஒற்றைக் காலில் நிற்கிறது. நான் கரண்டு போகவிட்டது அந்த நேரத்தில்தான்.

எங்கள் ஊர் தோவாளைப் பக்கம். நாஞ்சில் நாட்டில் குளத்தைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை எவ்வளவு பெய்யும் என்று குளம் வெட்டியவனுக்குத் தெரியாது. அதனால் கரையை மட்டும் உயர்த்திவிட்டு அவன் வீட்டுக்குப் போகவில்லை. மிஞ்சின தண்ணீர் தானாக வெளியேற ஒரு பக்கம் மறுகால் வைத்தான். மறுகால் இல்லாத குளம் எவ்வளவு பெரிய கரை வைத்தாலும் ஒரு மழைக்கு உடையும்.

ஃபர்ம்வேரும் அப்படித்தான். "தப்பே நடக்காத கோடு எழுதுவேன்" என்பது கரையை உயர்த்துவது. அது வேண்டும்தான். ஆனால் நம்பகத்தன்மை வருவது, தப்பு நடந்தால் போக ஒரு வழி வைப்பதில். அதற்கு நான்கு விதிகள்.

விதி 1: ஒரே ஒரு நல்ல பிரதியைத் தொடாதே

ஃப்ளாஷை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பூட் பிளாக், பிறகு 'ஏ' என்ற பிரதி, 'பி' என்ற பிரதி. இப்போது 'ஏ' ஓடிக்கொண்டிருந்தால் புதிய அப்டேட்டை 'பி'-யில் மட்டும் எழுத வேண்டும். பாதியில் கரண்டு போனாலும் 'ஏ' அப்படியே இருக்கும். 'பி' முழுசாக எழுதி, சோதித்து முடித்த பிறகுதான் "அடுத்த முறை 'பி'" என்று குறிப்பு மாற்ற வேண்டும்.

பூட் பிளாக்கின் வேலை எது ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது மட்டும். அது சின்னதாக இருக்க வேண்டும், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு மாறவே கூடாது. ஃப்ளாஷ் சிப்பில் எழுத்துத் தடைக்கென்றே ஒரு கால் உண்டு. அதையும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு பிட்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால், மேலே ஓடும் எந்த மென்பொருளாலும் அந்தப் பகுதியைத் தொட முடியாது. குரோம்புக்குகளில் இப்படித்தான்: எழுத முடியாத ஒரு பகுதி, மாற்றக்கூடிய 'ஏ', 'பி' பகுதிகள்.

இந்த யோசனை எங்கே பிழைத்து வளர்ந்தது என்ற கதை சுவாரசியமானது. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிக் என்பவர், நிறைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே கிளஸ்டராக ஓட்டுவதில் வேலை செய்தார். சாதாரண பயாஸ், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பி எழுதப்பட்டது. "கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 அழுத்தவும்" என்ற அந்தப் புகழ்பெற்ற செய்தி நினைவிருக்கிறதா? கீபோர்டே இல்லை என்கிறது, பிறகு அதிலேயே அழுத்தச் சொல்கிறது! ஒரு மெஷினுக்குச் சிரிக்கலாம். வரிசை வரிசையாக நிற்கும் மெஷின்களுக்கு யார் போய் அழுத்துவது? அவர் தொடங்கிய திட்டம் லினக்ஸ்பயாஸ். 2008-இல் அதன் பெயர் கோர்பூட் ஆனது.

கோர்பூட்டில் 'நார்மல்', 'ஃபால்பேக்' என்று இரண்டு பிரதிகள் வைக்கும் வழி உண்டு. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சீமாஸ் நினைவகத்தில் ஒரு எண்ணிக்கை கூடும். இயங்குதளம் நல்லபடியாக வந்துசேர்ந்தால் அதை அழித்துவிட வேண்டும். யாரும் அழிக்காமல் எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் (வழக்கமாக 3) ஃபால்பேக் பிரதி ஓடும். சீமாஸ் பேட்டரியே செத்துப்போய் அந்தக் குறிப்பு குப்பையாக இருந்தால்? அப்போதும் ஃபால்பேக்தான். சந்தேகம் வந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும். இந்த ஒரு வரியை நம் கோடில் எத்தனை இடத்தில் மறக்கிறோம்!

விதி 2: படித்துப் பார்க்காமல் நம்பாதே

பூட் பிளாக் ஒரு பிரதிக்குத் தாவும் முன் அது முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு சி.ஆர்.சி.32 போதும். பிரதியின் தலைப்பில் அளவும் சி.ஆர்.சி.யும் இருக்கும், திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டால் முடிந்தது. பாதி எழுதின பிரதி இங்கேயே மாட்டும்.

ஆனால் சி.ஆர்.சி. தற்செயலான பிழையை மட்டும்தான் பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றுகிறவன் சி.ஆர்.சி.யையும் சேர்த்தே மாற்றிவிடுவான். அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பூட் பிளாக்கில் பொதுச் சாவி இருக்கும், தயாரித்தவரிடம் மட்டும் தனிச் சாவி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தைவான் மாணவர் ஒருவர் 1998-இல் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் முழுக்க வேலையைக் காட்டியது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது மட்டுமல்லாமல், சில வகை மதர்போர்டுகளில் பயாஸையும் மேலெழுதியது. அன்றைக்கு நிறைய போர்டுகளில் ஃப்ளாஷுக்கு எழுத்துத் தடை போடப்படாமல் திறந்தே கிடந்தது. அதை எழுதியவரும் நம்மைப்போல் ஒரு கல்லூரி மாணவர்தான். நான் வைரஸ் எதுவும் இல்லாமலே அதைச் சாதித்தவன் என்பதால் அவரைப் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதை இல்லை.

விதி 3: எழும்பியது வேறு, நன்றாக இருப்பது வேறு

சி.ஆர்.சி. சரி, கையொப்பம் சரி. ஆனால் அந்தக் கோடிலேயே ஒரு பிழை. ஓடத் தொடங்கி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. இதை யார் கண்டுபிடிப்பது?

வாட்ச்டாக் டைமர். இது பிராசஸரிலிருந்து தனியாக ஓடும் ஒரு கடிகாரம். குறிப்பிட்ட நேரத்துக்குள் "நான் உயிரோடு இருக்கேன்" என்று நிரல் அதைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ரீசெட். பூட் பிளாக் அடுத்த பிரதிக்குத் தாவும் முன்பே வாட்ச்டாக்கை ஓடவிட வேண்டும். "மெயின் நிரல் வந்து ஆன் பண்ணிக்கிடும்" என்று விட்டால், மெயின் வந்து சேராதபோது காவலுக்கு ஆளே இருக்காது.

வாட்ச்டாக் மட்டும் இருந்தாலும் போதாது. மாட்டும், ரீசெட் ஆகும், மறுபடி அதே இடத்தில் மாட்டும், மறுபடி ரீசெட். 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் இதேபோல் மாட்டியது. ஃப்ளாஷில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தன. எழும்பும்போது அந்தக் கோப்பு அமைப்பைத் திறக்க முயன்றதும் ரேம் போதவில்லை. ரீசெட். எழும்பி மறுபடி அதையே திறக்கப் பார்த்தது. 60 தடவைக்கு மேல்! இரவில் தூங்கவும் போகாமல் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. ஃப்ளாஷைத் தொடாமலே எழும்பும் ஒரு வழி முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்ததால் பூமியிலிருந்து அந்தக் கட்டளையை அனுப்பி மீட்டார்கள். அதன் பிறகு 2010 மார்ச் வரை ஸ்பிரிட் பேசிக்கொண்டிருந்தது. அங்கே வடசேரி கடை கிடையாது. மறுகால் இருந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, வாட்ச்டாக்கோடு ஒரு முயற்சி எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். இரண்டு, எழும்பும் வழியில் எந்தப் பொருளையும் "இது கண்டிப்பா இருக்கும்" என்று நம்பக்கூடாது. எஸ்.டி. கார்டு இல்லையா, கார்டு இல்லாமல் எழும்பு. செட்டிங்ஸ் கோப்பு கெட்டுப்போனதா, இயல்பு மதிப்புகளோடு எழும்பு.

விதி 4: வெற்றியைக் கடைசியில் சொல்

புதிய பிரதி எழும்பியதும் உடனே "நான் நல்லா இருக்கேன்" என்று எழுதிவிட்டால் பழைய பிரதிக்குத் திரும்பும் வழி அடைபடும். எனவே முதலில் அது தற்காலிகம்தான். முக்கியமான வேலைகளைச் செய்து காட்டிய பிறகே நிரந்தரம்.

நம்மில் நிறைய பேர் பயன்படுத்தும் இ.எஸ்.பி.32-இல் இது ஏற்கெனவே இருக்கிறது. ஓ.டி.ஏ. முறையில் இரண்டு நிரல் பகுதிகள், எது ஓட வேண்டும் என்ற குறிப்புக்குத் தனியாக 8 கிலோபைட். ஏன் 8? அழிக்கும் அளவு 4 கிலோபைட் என்று பார்த்தோம் அல்லவா, குறிப்பையே இரண்டு செக்டரில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒன்றை எழுதும்போது கரண்டு போனால் மற்றது இருக்கும். விதி 1 குறிப்புக்கும் பொருந்தும்!

ஆனால் 'ரோல்பேக்' வசதியை அமைப்புகளில் நாமே ஆன் செய்ய வேண்டும். செய்தால் புதிய நிரல் "சோதனையில்" என்ற நிலையில் ஓடும். அது தன்னை உறுதி செய்வதற்கு முன் ரீசெட் ஆனால் அடுத்த முறை பழையது ஓடும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது ஃபர்ம்வேர் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். எழும்பும் வழியிலேயே ஓடும் ஒரு பொருள் கெட்டது, "மூணு தடவை விழுந்தேன், பழைய கோப்புக்குப் போறேன்" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மெஷின் மெஷினாக ஆட்கள் போய்க் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

நான்கு விதிகளையும் சேர்த்தால் பூட் பிளாக் இவ்வளவுதான்:

1. வாட்ச்டாக்கை ஓடவிடு.
2. குறிப்பைப் படி. குறிப்பு கெட்டிருந்தால் உறுதியான பழைய பிரதியை எடு.
3. எடுத்த பிரதி சோதனையில் இருந்தால் முயற்சி எண்ணிக்கையை ஒன்று கூட்டு. வரம்பு தாண்டினால் பழைய பிரதிக்கு மாறு.
4. பிரதியின் சி.ஆர்.சி., கையொப்பம் பார். தவறினால் மற்ற பிரதி.
5. இரண்டும் தவறினால் மீட்பு நிலை: சீரியல் வழியாகவோ யூ.எஸ்.பி. வழியாகவோ புதியதை வாங்கக் காத்திரு.
6. தாவு.

மூன்றாம் படியில் ஒரு நுட்பம். எண்ணிக்கையைத் தாவும் முன் கூட்ட வேண்டும். தாவிய பிறகு கூட்டலாம் என்று வைத்தால், மாட்டிக்கொண்ட நிரல் எங்கே கூட்டும்? ஃப்ளாஷில் 0 ஆக்குவது மட்டும் சுலபம் என்பதால், ஒரு பைட்டை எட்டு 1-களோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பிட்டை 0 ஆக்கலாம். அழிக்காமலே எட்டு வரை எண்ணலாம்.

எங்கள் குளத்துக் கருவி

எங்கள் ப்ராஜெக்ட், ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, மறுகால் பாயும் அளவை நெருங்கும்போது செய்தி அனுப்பும் கருவி. மடைப் பக்கம் ஒரு கம்பத்தில் சோலார் தகட்டோடு நிற்கிறது. அப்டேட் எல்லாம் தூரத்திலிருந்துதான். அடைமழையில் அது செத்தால் வரப்பில் நடந்து போய் ஏணி போட வேண்டும். அதைவிட மோசம், கருவி உயிரோடு இருக்கிறது என்று நம்பி ஊர்க்காரர்கள் தூங்குவது.

லேப்டாப் சம்பவத்துக்குப் பிறகு ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கருவிக்கு மறுகால் இருக்கா மக்கா?" இல்லை. ரோல்பேக் ஆன் செய்யவே இல்லை.

செய்தோம். பிறகு அதை உண்மையாகவே சோதித்தோம். ஒரு ரிலே வைத்து, அப்டேட் நடக்கும்போது ஏதோ ஒரு நொடியில் பவரை வெட்டுவது, மறுபடி கொடுப்பது, எழும்புதா என்று பார்ப்பது. ஒரு ராத்திரி முழுக்க இதை ஓடவிட்டோம். அப்போதுதான் எங்கள் தப்புகள் வெளியே வந்தன.

முதலாவது, வாட்ச்டாக்கை ஒரு டைமர் இன்டரப்டிலிருந்து தட்டிக்கொண்டிருந்தோம். மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் ஓடும், வாட்ச்டாக் ஏமாறும். பிணத்துக்கு நாடி பார்க்கிற கதை. இப்போது சென்சார் வேலை, நெட்வொர்க் வேலை இரண்டும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டால்தான் வாட்ச்டாக் தட்டப்படும்.

இரண்டாவது, "சர்வரோடு பேசினால்தான் உறுதி" என்று வைத்திருந்தோம். மழையில் டவர் போனால் நல்ல நிரலையும் கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடும். இப்போது நெட்வொர்க்குக்கு நீண்ட அவகாசம், சென்சாருக்குக் குறுகிய அவகாசம். உறுதி செய்வதற்கு ஒரு நிபந்தனையும் சேர்த்தோம்: புதிய நிரல் அடுத்த அப்டேட்டை வாங்கும் நிலையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓடி அது மட்டும் கெட்டால், கருவி அந்தத் தப்போடேயே காலம் தள்ளும்.

மூன்றாவது, சாயங்காலம் சோலார் பேட்டரி இறங்கும்போது வோல்டேஜ் மெதுவாகக் குறையும். முழுசாகப் போனால் பரவாயில்லை, பாதி வோல்டேஜில் பிராசஸர் உளறும், ஃப்ளாஷில் தப்பாக எழுதும். அதற்காகத்தான் சிப்புகளில் பிரவுன்அவுட் காவல் இருக்கிறது. "தேவையில்லாம ரீசெட் ஆகுது" என்று நெட்டில் பார்த்து அதை ஆஃப் செய்து வைத்திருந்தோம்! ஆன் செய்தோம். பேட்டரி குறைவாக இருந்தால் அப்டேட்டே தொடங்காது என்றும் வைத்தோம். லேப்டாப்பில் நான் தாண்டிப்போன அதே சோதனை.

ஊரில் மறுகாலில் மண்ணும் செடியும் அடைந்து கிடந்தால் மழைக்கு முன் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். ஃபால்பேக் பிரதியும் அப்படித்தான். வருஷக்கணக்காக ஓடாத பிரதி ஓடும் என்று நம்பக்கூடாது. வேண்டுமென்றே விழவைத்துப் பார்க்க வேண்டும்.

நம்ம பக்கத்தில் யார் செய்கிறார்கள்?

ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி திட்டம் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் பிராசஸர் வடிவமைக்கிறது. 2018-இல் ரிமோ, 2020-இல் மௌஷிக். 2025 பிப்ரவரியில் மூன்றாவதாக ஐரிஸ் என்ற சிப் வெற்றிகரமாக பூட் ஆனதாக இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் அறிவித்தன. இதைக் கேட்டது நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட். சிப் தயாரானது சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில், போர்டில் பொருத்தியது சென்னையில்.

அந்தச் சிப்பில் இஸ்ரோ கேட்டுச் சேர்த்தவற்றைப் பாருங்கள்: பிழை தாங்கும் உள் நினைவகம், வாட்ச்டாக் டைமர்கள். வேகம் மட்டும் கேட்கவில்லை, விழுந்தால் எழும்ப வழி கேட்டிருக்கிறார்கள். ஒரு புது சிப்புக்கு "பூட் ஆச்சு" என்பதே ஏன் தலைப்புச் செய்தி என்று முன்பெல்லாம் எனக்குப் புரியாது. இப்போது புரிகிறது.

இது ராக்கெட்டோடு நிற்பதில்லை. 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்துக் கடற்கரை என்ன பட்டது என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாமல் ஆழ்கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர்! இப்போது படகுகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். 1 லட்சம் படகுகளுக்கான தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு எட்டுக்காலு சிப் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும், அதில் யாரோ எழுதிய பூட் கோடு இருக்கும். நாளைக்கு அப்படி ஒரு பெட்டிக்குக் கோடு எழுதும் வேலை இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்கு வரலாம்.

நாளைக்கே உதவுகிற சில குறிப்புகள்

- லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் போடும்போது பேட்டரி, சார்ஜர் இரண்டும் வேண்டும். மென்பொருள் மறுத்தால் அதன் பேச்சைக் கேளுங்கள்.
- அப்டேட் எதைச் சரிசெய்கிறது என்று படித்த பிறகு போடுங்கள். என் ரூம்மேட்டின் லேப்டாப் சூட்டுக்குக் காரணம் விசிறியில் அடைந்த தூசி!
- சிப்பை நீங்களே எழுத முயன்றால் முதலில் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அந்த லேப்டாப்புக்கே உரிய வரிசை எண் போன்றவை அதற்குள் இருக்கும். கடை அண்ணன் முதலில் செய்தது இதைத்தான்.
- சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் புரோகிராமரை மாட்டாதீர்கள். மலிவான சி.ஹெச்.341ஏ வகைகள் சில, டேட்டா கால்களில் 5 வோல்ட் கொடுக்கும்.
- இ.எஸ்.பி.32 ப்ராஜெக்ட் செய்பவர்கள் இன்றைக்கே ரோல்பேக்கை ஆன் செய்யுங்கள். பிறகு அப்டேட்டின் நடுவே பவரைப் பிடுங்குங்கள். எழும்பினால் ரிவ்யூவில் தைரியமாகச் சொல்லலாம். எழும்பாவிட்டால், லேபிலேயே தெரிந்தது நல்லது.

ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. கருவி கம்பத்தில் நிற்கிறது. கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி அப்டேட்டின் நடுவில் அது ரீசெட் ஆனது. காலையில் பதிவைப் பார்த்தால், பழைய பிரதிக்குத் திரும்பி, எதுவும் நடக்காத மாதிரி நீர்மட்டம் அனுப்பிக்கொண்டிருந்தது. ரூம்மேட்டிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இனி என் லேப்டாப்பைத் தரேன், வேணும்னா தொட்டுக்கோ" என்றான்.

நான் இன்னும் தொடவில்லை.